எல்லாம் செய்யும் ஒரு மகிழுந்து: பட்டியலை எழுதியவர் யார்?



அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், என் சம்பளத்துக்கு ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும். பள்ளிக்கு வரணும், பிள்ளைகளை ஏத்திட்டுப் போகணும், தீபாவளிக்கு ஊருக்கும் போகணும். எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி எது நல்லது?" என்றார். அறையில் இருந்த பத்துப் பேரும் பத்து வண்டிகளின் பெயர்களைச் சொன்னார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பதுபோல், அவர் முன்னைவிடக் குழம்பிப் போனார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இதே கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடையைத் தேர்ந்து, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். "எல்லாம் செய்யும் ஒரே வண்டி" என்னும் ஆசைக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால் நம் வீட்டு முடிவும் சற்றுத் தெளிவாகும் என்று நம்புகிறேன்.

1. உழவருக்கு ஒரு வண்டி

1908-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 'மாடல் டி' என்னும் மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மகிழுந்து என்பது பெரும்பாலும் செல்வர்களின் விளையாட்டுப் பொருள். ஃபோர்டு மனத்தில் வைத்திருந்தவரோ சாதாரண மனிதர்; சிறப்பாக, நாட்டுப்புற உழவர். அந்நாளில் அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகள் பெரும்பாலும் மண் பாதைகளே. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பள்ளம். ஆகவே மாடல் டி தரையிலிருந்து நன்கு உயர்ந்து நின்றது. எடை குறைவாகவும் வலிமை மிகுதியாகவும் இருக்க வனேடியம் கலந்த எஃகு பயன்படுத்தப்பட்டது. பழுதானால் உழவரே சுத்தியும் திருகியும் கொண்டு சரிசெய்துகொள்ளும் அளவுக்கு அதன் அமைப்பு எளிமையாக இருந்தது.

உழவர்கள் அதனைப் பயணத்திற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. பின்சக்கரம் ஒன்றை உயர்த்தி, அதில் பட்டையை மாட்டி மரம் அறுத்தார்கள், நீர் இறைத்தார்கள். தனியே விற்கப்பட்ட துணைக்கருவிகளைப் பூட்டி நிலத்தையும் உழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பத்தோடு தேவாலயத்திற்குச் சென்றார்கள். எல்லாம் செய்யும் வண்டி என்று முதலில் ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

1913-இல் ஃபோர்டு நகரும் தடத்தில் வண்டிகளைப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஓர் அடிச்சட்டத்தைப் பொருத்தி முடிக்க முன்பு பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது; அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 800 டாலருக்கு மேல் விற்ற வண்டி 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. 1927-இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை 15 மில்லியனுக்கும் மேற்பட்ட மாடல் டி வண்டிகள் செய்யப்பட்டன.

நம் வட்டாரத்திற்கும் இதில் தொடர்புண்டு. 1926-இல் ஃபோர்டு நிறுவனம் மலாயாவிற்கான கிளையைச் சிங்கப்பூரில் தொடங்கியது. 1941-இல் புக்கிட் தீமாவில் எழுந்த அதன் தொழிற்சாலையில்தான் 15.2.1942 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. அந்தக் கட்டடம் பின்னாளில் அருங்காட்சியகமாயிற்று. மாணவர்களைச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அதனைத் தவறவிட வேண்டாம்.

இத்தனை செய்த மாடல் டி எவற்றைச் செய்யவில்லை? தொடக்க காலத்தில் அதனை முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். இயந்திரம் எதிர்பாராமல் பின்னுதைத்தால் கை எலும்பு முறியும். எரிநெய் தன் எடையால் மட்டுமே இயந்திரத்திற்கு இறங்கியதால், தொட்டியில் எரிநெய் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் பின்னோக்கித்தான் ஏற வேண்டியிருந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டுமே கிடைத்தது. ஃபோர்டின் பட்டியலில் மலிவும் உறுதியும் இருந்தன; வசதியும் விருப்பமும் இல்லை. சாலைகள் சீராகி, மக்களின் வருவாயும் உயர்ந்தபோது, ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு வகை வண்டியை முன்வைத்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவரை முந்தியது.

2. சேமித்தவர்களுக்குக் கிடைக்காத வண்டி

இரண்டாவது கதை ஜெர்மனியில் நடந்தது. 1930-களில் ஹிட்லரின் அரசு மக்களுக்கு ஒரு மகிழுந்தை வாக்களித்தது. வடிவமைக்கும் பொறுப்பு ஃபெர்டினான்ட் போர்ஷேயிடம் தரப்பட்டது. பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் அமர வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். விலை 1,000 மார்க்கைத் தாண்டக் கூடாது. பட்டியலைப் படித்தால் குறை சொல்ல முடியாது. ஒரு குடும்பத் தலைவர் கேட்கக்கூடிய அனைத்தும் அதில் இருக்கின்றன.

மக்கள் வாரம் 5 மார்க் கொடுத்துச் சேமிப்பு வில்லைகளை வாங்கி அட்டையில் ஒட்டினார்கள். மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேர்ந்தனர். 1939-இல் போர் மூண்டது. அவர்களுள் ஒருவருக்குக்கூட அந்தத் திட்டத்தின்படி வண்டி வழங்கப்படவில்லை. குடும்ப வண்டிக்கென்று கட்டிய தொழிற்சாலை படைக்கு வேண்டிய ஊர்திகளைச் செய்தது. அங்கு கட்டாய உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் வதைபட்டனர்.

1945-இல் பிரிட்டிஷ் படையின் அதிகாரி ஐவன் ஹர்ஸ்ட் என்பவரின் பொறுப்பில் அத்தொழிற்சாலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. பின்னர் 'பீட்டல்' என்று உலகம் அறிந்த வண்டி அதுவே. இயந்திரம் காற்றாலேயே குளிர்ந்ததால் அதற்கு நீர்த்தொட்டி தேவைப்படவில்லை. கடுங்குளிரிலும் கடும் வெயிலிலும் ஓடியது. 1972 பிப்ரவரியில் மாடல் டி-யின் எண்ணிக்கையைக் கடந்தது. 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 21.5 மில்லியனைத் தாண்டியிருந்தது.

மாணவர்களுக்கு இதனைச் சொல்லும்போது நான் ஒன்றை வலியுறுத்துவேன். நல்ல பட்டியல் மட்டும் போதாது. அதனை எழுதியவரின் நோக்கம் என்ன என்றும் கேட்க வேண்டும்.

3. முட்டைக் கூடையும் உருளைக்கிழங்கு மூட்டையும்

எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் பிரான்சு நாட்டில் எழுதப்பட்டது. 1930-களில் சித்ரோன் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவர் பியேர் பூலாஞ்சே. அந்நாட்டு உழவர்கள் இன்னும் குதிரை வண்டிகளையே நம்பியிருப்பதை அவர் கண்டார். தம் பொறியாளர்களிடம் அவர் கேட்டது வேகத்தையோ அழகையோ அன்று. உழவர் இருவர் மரக்காலணியோடு அமர வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கை ஏற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரிநெய்தான் செலவாக வேண்டும். உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் உள்ள முட்டைகளுள் ஒன்றுகூட உடையக் கூடாது.

இந்தப் பட்டியலில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் காலில் என்ன அணிந்திருக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், எந்த வழியாகப் போகிறார் என்பதெல்லாம் தெரிகிறது.

போர்க்காலத்தில் மாதிரி வண்டிகள் ஜெர்மானியர் கையில் சிக்காதிருக்க அழிக்கப்பட்டன. சில மறைத்து வைக்கப்பட்டன. 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் '2சிவி' அறிமுகமானது. 375 சிசி இயந்திரம், 9 குதிரைத்திறன், துணிக் கூரை. இதழாளர்கள் சிலர் எள்ளி நகையாடினார்கள். ஆனால் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய அளவுக்கு மக்கள் முன்பதிவு செய்தார்கள். கூரையைச் சுருட்டினால் உயரமான பொருளை ஏற்றலாம். இருக்கைகளைக் கழற்றினால் சந்தைக்குச் சரக்கு கொண்டு போகலாம். 1990 வரை அது உற்பத்தியில் இருந்தது.

4. பத்தடிக்குள் ஒரு குடும்பம்

1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் எரிநெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிறிய, சிக்கனமான, ஆனால் நால்வர் உண்மையாகவே அமரக்கூடிய வண்டி தேவைப்பட்டது. அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியாளர் 1959-இல் 'மினி'யை உருவாக்கினார். இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, அதன் அடியிலேயே பல்லிணைப் பெட்டியைப் பொருத்தி, முன்சக்கரங்களை இயக்கினார். வண்டியின் நீளம் ஏறத்தாழ பத்தடிதான். ஆயினும் அதில் பெரும்பகுதி மனிதர்களுக்கும் பொருள்களுக்கும் கிடைத்தது.

1961-இல் வந்த 'ரெனோ 4' தட்டையான தரையும் அகலத் திறக்கும் பின்கதவும் கொண்டிருந்தது. 1965-இல் வந்த 'ரெனோ 16' வண்டியின் பின்னிருக்கையைத் தேவைக்கேற்பப் பலவாறு மாற்றி அமைக்கலாம். 1974-இல் வெளிவந்த 'கோல்ஃப்' குறுக்கே வைத்த இயந்திரத்தையும் பின்கதவையும் இணைத்துக்கொண்டு உலகெங்கும் பரவியது. இன்று நம் சாலைகளில் காணும் ஐந்து கதவுச் சிறு மகிழுந்துகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பின்னிருக்கையை நிமிர்த்தினால் ஐவர். மடித்தால் ஒரு சரக்கு வண்டி.

5. குன்றிமணியும் சருகுமானும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலை 9-இல் 'சாகா' அறிமுகமானது. மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரே வண்டியை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் செய்யப்பட்டது. 'சாகா' என்பது ஒரு மரத்தின் சிவந்த விதை. தமிழில் அதனை ஆனைக்குன்றிமணி என்போம். தங்கம் நிறுக்கக் குன்றிமணியைப் பயன்படுத்திய மரபு நமக்கும் உண்டு.

1994-இல் பெரோடுவா நிறுவனத்தின் 'கன்சில்' வந்தது. மலாய்க் கதைகளில் வரும் அறிவுக்கூர்மை மிக்க சருகுமானின் பெயர் அது. 660 சிசி இயந்திரம்தான். ஆயினும் அதுவரை விசையுந்தில் நனைந்துகொண்டு போன எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தது. 2005-இல் 'மைவி' வந்தது. வெளியே சிறியது, உள்ளே விரிந்தது என்னும் அந்த மினி காலத்துக் கணக்கு அதிலும் உண்டு.

நான் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் முதலில் இருந்தது ஒரு விசையுந்து. அப்பா ஓட்ட, தொட்டியின் மேல் தம்பி, பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மா. மழை வந்தால் இரப்பர் மரத்தடியில் ஒதுங்குவோம். பின்னர் அப்பா பழைய சாகா ஒன்றை வாங்கினார். அரிசி மூட்டை, வாழைத்தார், திருமணத்திற்குப் போகும் உறவினர் எனப் பின்னிருக்கையில் ஐவரோ அறுவரோ ஏறுவார்கள். எங்களுக்கு அது எல்லாம் செய்யும் வண்டியாகவே இருந்தது.

சிங்கப்பூரில் வாழும் நண்பர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. 1990-இல் அங்கு வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. வண்டியோடு பத்தாண்டு உரிமையையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். அங்கு இரண்டாவது வண்டி என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவும் முடியாது.

6. பட்டியலில் விடுபட்ட வரி

அப்பாவின் வண்டியில் நான் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டே பயணம் செய்வேன். யாரும் அதைத் தவறென்று எண்ணவில்லை. இன்று நினைத்தால் உடல் நடுங்குகிறது.

மேலே சொன்ன பழைய பட்டியல்களை மீண்டும் பாருங்கள். விலை இருக்கிறது, எரிநெய் இருக்கிறது, முட்டைகூட இருக்கிறது. மோதினால் உள்ளிருப்பவர் என்ன ஆவார் என்னும் வரி இல்லை. 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. நம் நாட்டில் பின்னிருக்கைப் பயணிகளும் பட்டை அணிய வேண்டும் என்னும் சட்டம் 2009 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சிறார் இருக்கை 2020-இல்தான் கட்டாயமாயிற்று. 2011-இல் ஆசியான் வட்டாரத்திற்கான மோதல் சோதனை அமைப்பு உருவானது. 2017-இல் வந்த புதிய மைவி அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. சிறிய வண்டி என்றால் பாதுகாப்பைக் கேட்கக் கூடாது என்னும் எண்ணம் அதனால் மாறியது.

பட்டியலில் ஒரு வரியை விட்டுவிட்டால் அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அவர் பட்டியலை எழுதியவராக இருப்பதில்லை.

7. ஆறாம் ஆண்டு மாணவி எழுதிய ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வரலாற்றைக் கதையாக என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னேன். பின்னர், "உங்கள் குடும்பத்திற்கு வேண்டிய மகிழுந்து என்னென்ன செய்ய வேண்டும்? மூன்று வரி எழுதுங்கள்" என்றேன். பலர் வேகம் என்றும் சிவப்பு நிறம் என்றும் பெரிய ஒலிபெருக்கி என்றும் எழுதினார்கள். ஒரு மாணவியின் முதல் வரி மட்டும் இப்படி இருந்தது: "பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும்."

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நான் ஏழு பேர் அமரும் உயரமான வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். வாங்கும் முன் பல மாதங்கள் ஆராய்ந்தேன். இயந்திரம், எரிநெய்ச் செலவு, பின்பெட்டியின் அளவு, மறுவிலை என்று கட்டம் போட்டு ஒப்பிட்டேன். எல்லாம் செய்யும் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். வண்டி வந்த சில வாரங்களில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு முட்டி வலிக்குது" என்பார். வயதாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று மாலை வீட்டிற்குச் சென்று அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். மீண்டும் கேட்டபோது, "அந்த வண்டியில ஏற முடியலப்பா. படி உசரமா இருக்கு. சொன்னா நீ வருத்தப்படுவ. கடன் வாங்கி வாங்கின வண்டியாச்சே" என்றார்.

என் கட்டத்தில் பதினாறு வரிகள் இருந்தன. அம்மா அதில் இல்லை. எங்கள் வண்டியில் ஏழு இருக்கைகள் இருந்தும், அவர் இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தார்.

அடுத்த ஆண்டு அதனை விற்று, இருக்கை தாழ்வாக உள்ள சிறிய ஐந்து கதவு வண்டி ஒன்றை வாங்கினேன். விற்றதில் நட்டம்தான். ஆனால் இம்முறை அம்மாவைக் காட்சியறைக்கு அழைத்துச் சென்றேன். மூன்று வண்டிகளில் அவரை ஏறி இறங்கச் சொன்னேன். மூன்றாவதில் தாமே ஏறி அமர்ந்து, கதவைச் சாத்தி, "இது சரியா இருக்கு" என்றார். அதன் பிறகு நான் விலைப்பட்டியலையே பார்த்தேன். பிற வண்டிகளைப் பார்க்கவில்லை.

8. இளம் ஆசிரியருக்குச் சொன்ன விடை

அந்த இளம் ஆசிரியரிடம் நான் எந்த வண்டியின் பெயரையும் சொல்லவில்லை. நான்கு செய்திகளை மட்டும் சொன்னேன்.

ஒன்று, வண்டிகளைப் பட்டியலிடும் முன் ஏறப்போகும் மனிதர்களைப் பட்டியலிடுங்கள். பூலாஞ்சே உழவரின் மரக்காலணியை நினைத்ததுபோல் உங்கள் வீட்டாரை நினையுங்கள்.

இரண்டு, நாள்களை எண்ணுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் தீபாவளிப் பயணத்திற்காக, மற்ற நாளெல்லாம் வெற்று இருக்கைகளைச் சுமக்க வேண்டியதில்லை. அந்தச் சில நாள்களுக்கு வாடகை வண்டி போதும்.

மூன்று, பாதுகாப்பைப் பேரத்தில் வைக்காதீர்கள். நல்ல பாட்டுப்பெட்டியும் பளபளக்கும் சக்கரமும் குறைந்தால் யாருக்கும் கேடில்லை.

நான்கு, வீட்டில் மிகவும் இயலாதவர் எவரோ அவரையே முதலில் ஏற்றிப் பாருங்கள். அவருக்கு ஒத்து வரும் வண்டி மற்றவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்து வரும்.

எல்லாவற்றையும் சிறப்பாகச் செய்யும் மகிழுந்து இதுவரை எவராலும் செய்யப்படவில்லை. பெயர் பெற்ற வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு பட்டியலுக்கு நேர்மையாக விடை சொன்னவை. நம் வீட்டுப் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்; எழுதி முடித்ததும் வீட்டில் உள்ள அனைவரிடமும் படித்துக் காட்ட வேண்டும்.

அவர் மறுவாரம் வந்து, "எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கப் போறேன் சார்" என்றார். மகிழ்ந்தேன்.

உங்கள் வகுப்பிலும் இந்த மூன்று வரிப் பயிற்சியைச் செய்து பாருங்கள். கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும்; வீட்டில் நாம் காணாத ஒன்றைப் பிள்ளைகள் காட்டவும் கூடும்.